‘நீ’ என்று விளிக்கப்படுபவள் நகரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எருசலேமைப் போற்றும் யூதப் பாடல்கள் தமிழில் வெளிவரும்போதெல்லாம் சில பிழைகள் தவறாமல் உடன் வருகின்றன. பழைய வரிகளின் மேல் எழுந்த பாடல்கள் இவை. அந்த வரிகளைத் தேடிப் பார்க்காமல் அகராதியை மட்டும் நம்பினால் பொருள் பிசகும்.

இஸ்ரேலியப் பாடலாசிரியர் நவோமி ஷெமர் எழுதிய ‘பொன்னின் எருசலேம்’ பாடலின் பல்லவி, நகரின் பாடல்களுக்கெல்லாம் தான் ஒரு ‘கின்னோர்’ என்று முடிகிறது. இன்றைய எபிரேயத்தில் கின்னோர் என்றால் வயலின். மொழிபெயர்ப்பிலும் வயலின் என்றே வந்துவிடுகிறது. ஆனால் அது 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூதக் கவிஞர் யெஹுதா ஹலேவி, சீயோன் என்று எருசலேமை அழைத்துப் பாடிய பாடலில் உள்ள சொல். நகரின் துயருக்கு அழும்போது நான் ஊளையிடும் நரி, அதன் மீட்சியைக் கனவு காணும்போது உன் பாடல்களுக்குக் கின்னோர் என்கிறார் அவர். ஆலயம் அழிந்ததை நினைந்து நோன்பிருக்கும், யூத நாட்காட்டியின் ஆப் மாத 9ஆம் நாளில் அந்தப் புலம்பல் இன்றும் ஓதப்படுகிறது. அதற்கும் முந்தையது 137ஆம் சங்கீதம்: பாபிலோன் ஆறுகளருகே அலரிச்செடிகளில் தூக்கிவைத்த கின்னரங்கள். அந்தப் பழைய நரம்பிசைக் கருவிக்குத் தமிழ் வேதாகமம் ‘கின்னரம்’ என்ற சொல்லைத் தந்திருக்கும்போது வயலின் எதற்கு?

‘பொன்னின் எருசலேம்’ என்ற தொடரே ஒரு நகையின் பெயர். வறுமையில் இருந்த யூத அறிஞர் ரபி அக்கிவா, வசதி இருந்தால் மனைவிக்கு அதை அணிவித்திருப்பேன் என்று சொன்னதாக யூதச் சமயநூலான தல்மூதில் வருகிறது. ‘தங்க நகரம்’ என்று எழுதினால் அந்த அன்பு போய்விடுகிறது.

அடுத்து, தேதி. இப்பாடல் முதலில் அரங்கேறியது 1967 மே 15 அன்று. அப்போது எருசலேமின் பழைய நகரம் ஜோர்டான் வசம் இருந்தது. ஜூன் 7 அன்று இஸ்ரேலியப் படை அதைக் கைப்பற்றிய பிறகே நான்காம் சரணம் சேர்ந்தது. நான்கையும் ஒரே மூச்சில் அச்சிட்டு ‘வெற்றிப் பாடல்’ என்று தலைப்பிடுவது தவறு. முதல் மூன்றும் ஏக்கம். தனித்திருக்கும் நகரும், இரண்டாம் சரணத்தைத் தொடங்கும் ‘ஏகா’ என்ற சொல்லும் புலம்பல் நூலின் முதல் வசனத்திலிருந்து வந்தவை. அந்த ‘ஏகா’தான் தமிழ் வேதாகமத்தின் ‘ஐயோ!’. வற்றிய நீர்த்தொட்டி, வெறிச்சோடிய சந்தை என்று இரண்டாம் சரணம் சொன்னவற்றுக்கு நான்காம் சரணம் பதில் சொல்வதால் இரண்டிடத்திலும் அதே சொற்களையே போட வேண்டும். நான்காம் சரணத்துக்கு முன் ஓர் இடைவெளி விட்டு, அது சேர்ந்த காலத்தைக் குறித்தால் போதும். அந்தச் சந்தையில் அரபு மக்கள் வாழ்ந்துகொண்டுதானே இருந்தார்கள் என்ற விமர்சனம் இஸ்ரேலுக்குள்ளேயே எழுந்தது. நியாயமான விமர்சனம் அது.

பெரிய சிக்கல் ‘நீ’. எபிரேயத்தில் முன்னிலைக்கும் ஏவலுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, நகரம் பெண்பால். தமிழில் ‘உட்கார்ந்திருக்கிறாளே’ என்று படர்க்கையில் காட்டலாம், ‘எழுந்திரு’ என்பதில் காட்ட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் சபேத் நகரில் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதி, வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்வுநாளை வரவேற்கப் பாடப்படும் ‘லெகா தோதீ’யில் இந்தக் குழப்பம் முற்றுகிறது. பல்லவி அழைப்பது ஆண்பாலில் ஒரு தோழனை; அவனோடு எதிர்கொள்ளப்போகும் மணமகள் ஓய்வுநாள். மூன்றாம் சரணத்திலிருந்து எட்டாவது வரை பேச்சு எருசலேமிடம் திரும்புகிறது. தூசியை உதறு, எழுந்திரு என்பவை ஏசாயா தீர்க்கதரிசி நகருக்குச் சொன்னவை. தமிழில் எல்லாமே மணமகளிடம் சொன்னதுபோல் ஆகிவிடுகின்றன. மூன்றாம் சரணத்திலேயே ‘நகரே’ என்ற விளியைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

ஒலியை முழுதாகக் கொண்டுவர முடியாது. ‘ஷஅலு ஷெலோம் யெருஷலாயிம்’ என்ற 122ஆம் சங்கீத வரியில் ஷகரமும் லகரமும் சொல்லுக்குச் சொல் திரும்புகின்றன. பொருளுக்குக் கீழே மூல ஒலியையும் தமிழ் எழுத்தில் ஒரு வரி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்