நீங்கள் "அப்கிரேட் சாத்தியமில்லை" என்று எழுதிக்கொடுத்த டெஸ்க்டாப் பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் டெஸ்க்டாப் ஒன்றை 2014-இல் வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பத்து வருடத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்த பெட்டி, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்டது சின்ன வேலை. ஆன் செய்தால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஹார்ட் டிஸ்க் லைட் அணைவதே இல்லை, அதனால் ராமைக் கூட்டிவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பு டிரைவான எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ஒரு தாளை நீட்டினீர்கள்: இரண்டாவது ராம் ஸ்லாட் பழுது, மதர்போர்டு மாற்ற வேண்டும், இந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை, எனவே அப்கிரேட் சாத்தியமில்லை. கூடவே புது மாடல்களின் விலைப்பட்டியல். பரிசோதனைக் கட்டணத்தையும் மறக்காமல் வாங்கிக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்து பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பிராசஸர் ஃபேன்மேல் பஞ்சு மாதிரி தூசி. மூன்று நாள் பரிசோதித்தவர்கள் அதை ஊதிக்கூட விடவில்லை, அப்புறம் எதைத்தான் பரிசோதித்தீர்கள் என்று தெரியவில்லை. ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டி, ராமின் தங்க நிறக் காண்டாக்ட்டை பென்சில் ரப்பரால் தேய்த்து, நீங்கள் பழுது என்று எழுதிய அதே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். எடுத்துக்கொண்டது. ரிப்பேர் வேலை தெரிந்த எவரும் முதலில் செய்து பார்க்கிற காரியம் இது, நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. பிறகு இந்த போர்டுக்கு ஏற்ற ராம் வகையான டிடிஆர்3-இல் 8 ஜிபி இரண்டு வாங்கிப் போட்டு ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட்டேன், ஒரு எரர் கூட வரவில்லை. அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4 இந்த போர்டில் உட்காராது என்று உங்கள் ஆள் சொன்னது சரிதான், அதற்கு 288 பின், இதற்கு 240, நடுவில் இருக்கிற வெட்டும் இடம் மாறியிருக்கும். ஆனால் டிடிஆர்3 இப்போது எங்குமே கிடைக்காது என்று அவர் சேர்த்துச் சொன்னாரே, நான் வாங்கியது அப்புறம் என்னவாம்?

எஸ்எஸ்டி-யும் போட்டாயிற்று. பழைய டிஸ்க்கை அப்படியே அதற்குக் குளோன் செய்தேன். கேபினெட்டில் இரண்டரை அங்குல டிரைவுக்கு இடம் இல்லாததால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன், சுழல்கிற பாகம் இல்லாததால் அதற்கு அதுவே போதும். போர்டில் டிரைவை இணைக்கிற சாட்டா போர்ட் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் தருகிறது, பழைய டிஸ்க் 150-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். ஐந்து நிமிடம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிறது.

கவுன்ட்டரில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்: "2025 அக்டோபர் 14-க்கு அப்புறம் விண்டோஸ் 10 வேலையே செய்யாது, இதுக்குப் போய் செலவு பண்றீங்களே." அந்தத் தேதியோடு முடிந்தது மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, கணினி அல்ல. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது என்பது எனக்கும் தெரியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், நான்காம் தலைமுறை பிராசஸர் அவர்களுடைய பட்டியலிலும் இல்லை. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இணையத்தில் உலவுவது ஆபத்து என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். நான் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன், அது என் பாடு. வேலையே செய்யாது என்று பயமுறுத்தி புதுசை விற்கப் பார்த்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

என்னால் தீர்க்க முடியாமல் நிற்பது பவர் சப்ளை மட்டும்தான். அதன் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது, எந்த நாளும் கைவிடலாம். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை ஒன்று வாங்கி வந்தேன், பார்த்தால் உங்கள் போர்டில் 24 பின் கனெக்டரே இல்லை, நீங்களாக வடிவமைத்த சின்ன கனெக்டர். 1995-இலேயே இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவை விட்டுவிட்டு இப்படிச் செய்ததற்கு உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கலாம், சரி. ஆனால் உதிரிபாகத்தையும் நிறுத்திவிட்டு, எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று கேட்டால் அதையும் சொல்ல முடியாது என்றால் நான் என்ன செய்வது? மாற்று கேபிள் வெளியில் கிடைக்கிறது, ஒரு வயர் இடம் மாறினால் போர்டு போய்விடும் என்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். ஸ்லாட் பழுது என்ற அறிக்கையைத் திருத்தி எழுதித் தாருங்கள். பவர் சப்ளையைத் தாருங்கள், அது இல்லையென்றால் அந்தக் கனெக்டரின் பின் விவரத்தையாவது அனுப்புங்கள். அறிக்கையின் நகல், கட்டண ரசீது, இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 16 ஜிபி காட்டுகிற பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்பு) திரையின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நேரில் வந்து பேசுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், வந்ததால்தான் இவ்வளவும்.

இப்படிக்கு,
2014-இல் இருந்து உங்கள் வாடிக்கையாளர்