மல்யுத்தத்துக்கு நிலையான அணிப் போட்டித் தொடர் வேண்டி ஒரு பயிற்சியாளரின் மனு

அனுப்புநர்
மல்யுத்தப் பயிற்சியாளர் (முன்னாள் வீரர், நடுவர்)

பெறுநர்
விளையாட்டுத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: அமெச்சூர் மல்யுத்தத்தை மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தொழில்முறை விளையாட்டாக வளர்க்க, அணிப் போட்டித் தொடர் ஒன்றைத் தொடங்கி வைக்குமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பன்னிரண்டு வயதில் மேட்டில், அதாவது மல்யுத்தம் நடக்கும் மெத்தை விரிப்பில், இறங்கியவன் நான். பதினாறு வருடம் குஸ்தி பிடித்தேன். அதன் அடையாளமாக இடது காது மடல் தடித்துச் சுருங்கிப் போயிருக்கிறது. இப்போது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன், போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். இந்த விளையாட்டுக்குக் கூட்டம் வரும், வீரர்கள் இதை நம்பியே பிழைக்கவும் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசு முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மனு.

இன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பயின்ற ஒரு பையன், கால் பிடிக்க இறங்கினால் எதிராளி கண் இமைப்பதற்குள் பின்னால் போய்விடுவான். அப்படி ஒரு வேகம். இருபத்து மூன்று வயதில் விட்டுவிட்டான். வருடத்துக்கு மூன்று போட்டி, அதுவும் காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. “யாருக்காக மாஸ்டர் நான் இவ்வளவு கஷ்டப்படணும்?” என்று கேட்டான். அவன் கேட்டது பணத்தை மட்டும் வைத்து இல்லை. பார்க்க ஆள் வேண்டும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

மல்யுத்தம் பார்ப்பதற்குச் சுவாரசியம் இல்லாதது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒருமுறை நடுவர் வேலை முடிந்து பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, பேரன் மோதுவதைப் பார்க்க வந்தவர். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, மேல கிடக்கிறவன் அவன்தானே, கீழ கிடக்கிறவனுக்கு எதுக்குப் பாயின்ட் குடுக்கிறாங்க?” என்று கேட்டார். கீழே இருந்தவன் பிடித்து உருட்டியபோது மேலே இருந்தவனின் முதுகு ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டது, அதற்கு இரண்டு புள்ளி என்று சொன்னேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வட்டத்துக்கு வெளியே கால் போனால் எதிராளிக்கு ஒரு புள்ளி. மடக்கிக் கீழே கொண்டுவந்து பின்பக்கம் பிடித்தால் இரண்டு. நின்ற நிலையிலிருந்து தூக்கி முதுகு படும்படி எறிந்தால் நான்கு, காற்றில் பெரிய வில்லாக வளைத்து எறிந்தால் ஐந்து. காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் வகையில் பத்துப் புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டு தோளும் சேர்ந்து தரையில் அழுந்தினால் புள்ளிக் கணக்கே வேண்டாம், வெற்றி. நான்காவது ஆட்டத்தில் பாட்டி எழுந்து நின்று, “டேய், கோட்டுக்கிட்ட நிக்கிறான், தள்ளு!” என்று கத்திக்கொண்டிருந்தார். மேட்டில் இருந்தவர்களில் யாரும் அவருடைய பேரன் இல்லை. அவனுடைய முறை அதற்குள் முடிந்திருந்தது.

பதினைந்து நிமிடம்தான் ஆயிற்று ஐயா. எங்கள் அரங்குகளில் அந்தப் பதினைந்து நிமிடத்தை யாருக்கும் யாரும் தருவதில்லை. ஒரே நேரத்தில் மூன்று மேட்டில் ஆட்டம் நடக்கும். ஒலிபெருக்கியில் பெயரும் எடைப் பிரிவும் மட்டும் வரும். புள்ளிப் பலகை நடுவர்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

விதி புரியாவிட்டால் இந்த விளையாட்டுக்கே என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாகக் குழு, 2020 ஒலிம்பிக்கின் நிரந்தர விளையாட்டுகள் பட்டியலில் மல்யுத்தம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பண்டைய கிரேக்கத்திலிருந்து வருகிற விளையாட்டு இது! அப்போதிருந்த விதிப்படி இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று, அதில் இரண்டை வென்றவர் வெற்றி பெறுவார். ஒரு சுற்றில் இருவருமே புள்ளி எடுக்காவிட்டால், நடுவர் பையிலிருந்து ஒரு வண்ணப் பந்தை எடுப்பார். அந்த நிறத்துக்கு உரியவர் எதிராளியின் காலைப் பிடித்த நிலையில் ஆட்டத்தைத் தொடங்குவார். வருடக்கணக்கில் உழைத்தவனின் தலையெழுத்து ஒரு பந்தில் இருந்தது. பார்க்கிறவன் என்ன நினைத்திருப்பான்? அந்த அதிர்ச்சிக்குப் பிறகு சில மாதங்களிலேயே விதிகள் மாறின. மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு, மொத்தப் புள்ளியை வைத்து வெற்றி, பந்து கிடையாது. ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவருக்கு எச்சரிக்கை, அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் முப்பது நொடிக் கெடு, அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அதே 2013 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தம் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தது.

இன்றைய விதியில் எவ்வளவு நாடகம் இருக்கிறது என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை வினேஷ் போகட்டின் முதல் ஆட்டம் ஒன்றே போதும். எதிரே டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் யுய் சுசாகி. வினேஷ் 0-2 என்று பின்தங்கியிருந்தார். கடைசி சில நொடிகளில் பாய்ந்து இரண்டு புள்ளி எடுத்தார். ஜப்பான் தரப்பு மேல்முறையீடு செய்தது. வீடியோவைப் பார்த்த நடுவர்கள் அதை நிராகரித்ததும் இன்னொரு புள்ளியும் வினேஷுக்கே வந்தது. 3-2. விதி தெரிந்தவர்கள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்கள்.

சரி, தொழில்முறை என்றதும் பலருக்கு டிவியில் வருகிற, முடிவு முன்பே எழுதி வைத்த மல்யுத்தம்தான் நினைவுக்கு வரும். நான் கேட்பது அது அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வழிக்குப் போனவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. 1910-ல் லண்டனில் இந்தியாவின் காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்தே தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். ஆட்டம் முடிவில்லாமல் போனது. அதே இருவர் 1928-ல் பாட்டியாலாவில் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். காசு கொடுத்து வந்தவனுக்கு எந்த நாள் எப்படி அமையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே முடிவையே எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது என்பது என் எண்ணம். இப்போது கடிகாரம் இருக்கிறது, ஒதுங்குகிறவனுக்குத் தண்டனை இருக்கிறது. ஆறு நிமிடத்தில் உண்மையான முடிவு கிடைக்கிறது. நாங்கள் பிடிக்கிற குஸ்தியில் ஒரு நொடிகூடப் பொய் கலக்க வேண்டியதில்லை. மேட், விளக்கு, புள்ளிப் பலகை, பேசத் தெரிந்த வர்ணனையாளர், இவைதான் வேண்டும்.

கபடியைப் பாருங்கள். தெருவிலும் திடலிலும் ஆடிய விளையாட்டை 2014-ல் ப்ரோ கபடி லீக் மேட்டுக்கு மேல் ஏற்றி, விளக்கைப் போட்டு, டிவியில் காட்டியது. அடுத்தடுத்து இரண்டு ரெய்டில் புள்ளி வராவிட்டால் மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற விதி, பார்க்கிறவரை நகரவிடாமல் பிடித்து வைத்தது. ஆட்டத்தின் உயிர் அப்படியேதான் இருந்தது.

மல்யுத்தத்திலும் முயன்றார்கள். அமெரிக்காவில் 2005-ல் டிவியில் வந்த ரியல் ப்ரோ ரெஸ்லிங் ஒரே பருவத்தோடு நின்றுவிட்டது. இந்தியாவில் 2015-ல் தொடங்கிய ப்ரோ ரெஸ்லிங் லீகில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் மோதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. 2019 வரை நான்கு பருவம் நடந்து, பிறகு பல வருடம் நின்றுபோனது. இவற்றைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: வருடத்தில் சில வாரம் மட்டும் பெரிய வெளிச்சம், மீதி மாதங்கள் இருட்டு என்றால் ரசிகர் தங்கமாட்டார். போன வாரம் தோற்றவன் இந்த வாரம் எப்படி வருகிறான் என்று பார்க்கத்தான் ஆள் வருவார்கள்.

அதனால்தான் அணிக்கு எதிராக அணி என்ற முறையை நான் அழுத்திக் கேட்கிறேன். ஒரு மாலை, ஒரே மேட், இரண்டு அணி, சிறிய எடையிலிருந்து பெரிய எடை வரை வரிசையாக ஆட்டங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பத்து எடைப் பிரிவு. சாதாரண வெற்றிக்கு அணிக்கு மூன்று புள்ளி, தோளை அழுத்தி வென்றால் ஆறு. இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும் தோளைத் தரையில் படவிடாமல் ஒருவன் கழுத்தைப் பாலம்போல் வளைத்துக்கொண்டு கிடப்பான். அவன் தாக்குப்பிடித்தால் அணிக்கு மூன்று புள்ளி மிச்சம். அப்படிக் கிடந்து தோற்றவனைக் கைதட்டி அனுப்பிய கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். 2015 நவம்பரில் அயோவா, ஓக்லஹோமா ஸ்டேட் கல்லூரி அணிகளின் மோதலை ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் மேட் விரித்து நடத்தினார்கள். வந்தவர்கள் 42,287 பேர். அதுவும் அமெச்சூர் மல்யுத்தம்தான். ஜெர்மனியிலும் மன்றங்களுக்கு இடையே இப்படித்தான் பருவம் முழுக்க மோதுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாராவாரம் போட்டி என்றால், எடைப் பிரிவுக்குள் வருவதற்காக வாராவாரம் எடைக் குறைப்பும் வரும். 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கப் போய்ச் சில வார இடைவெளியில் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே நீராவி அறையும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு நெருக்கமாக வந்தது. பாரிஸில் இறுதிப் போட்டிக்குப் போன வினேஷ், மறுநாள் காலை தன் எடைப் பிரிவின் வரம்பைவிட 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததை எல்லோரும் பார்த்தோம். வாயில் துணியை வைத்து ஊறும் எச்சிலையெல்லாம் துப்பிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், தடுத்தும் இருக்கிறேன். தொடர் தொடங்கும் முன்பே மருத்துவர் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழே எந்தப் பிரிவிலும் அவரை இறக்கக் கூடாது.

ஆகவே தங்களிடம் கேட்பவை: அரசு உள்ளரங்கம் ஒன்றை, பருவம் முழுக்க வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலையில் வாடகை இல்லாமல் தர வேண்டும். நாள் மாறவே கூடாது, மக்களுக்குப் பழக்கமாக வேண்டும். முதல் பருவத்துக்கு நான்கு அணி போதும், ஆசைப்பட்டு எட்டு அணி வைத்தால் தரம் போய்விடும். ஒவ்வோர் அணியிலும் பெண்கள் பாதிப்பேர் இருக்க வேண்டும். பொதுத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பும், தமிழில் பிடிகளை விளக்கிச் சொல்லும் வர்ணனையும் வேண்டும். அரங்கில் மேட்டை மேடைமேல் உயர்த்தி, புள்ளிப் பலகையை மக்கள் பக்கம் திருப்ப வேண்டும். வீரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், காயம் பட்டால் சிகிச்சை முடியும்வரை ஊதியம் நிற்கக் கூடாது. இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வீராங்கனைகளும் சிறுவர்களும் புகார் சொல்ல, பயிற்சியாளர்களுக்கும் சங்கத்துக்கும் தொடர்பே இல்லாத ஒரு குழுவைத் தாங்கள் நேரடியாக அமைக்க வேண்டும். என்னைப் போன்றவர்களையும் அந்தக் குழு விசாரிக்க முடிய வேண்டும்.

மூன்று பருவத்துக்கு அரசு கை கொடுத்தால் போதும். அதற்குள் டிக்கெட், விளம்பரம், ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றிலிருந்து அணிகள் தங்கள் செலவைத் தாங்களே எடுக்கத் தொடங்கிவிடும் என்று நினைக்கிறேன். எடுக்காவிட்டால் கணக்கைத் திறந்து பார்த்துத் தாங்கள் முடிவு செய்யலாம்.

இந்த மனுமீது முடிவெடுக்கும் முன், தாங்கள் ஒரு போட்டியை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறப்பு விருந்தினர் மேடை வேண்டாம். என் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். முதல் மூன்று ஆட்டத்துக்கு நான் விதி சொல்கிறேன், நான்காவதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். நாள் சொன்னால் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மல்யுத்தப் பயிற்சியாளர்