தானியங்கிச் சோதனைகளையும் டெண்டரில் கேளுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

தேர்வு முடிவு வரும் காலையில் இணையதளம் திறக்கவில்லை, விண்ணப்பிக்கக் கடைசி நாளில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: சர்வரில் கூட்டம். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் கூட்டமே இல்லாத ராத்திரி பதினொரு மணிக்கும் சில படிவங்கள் ஒழுங்காகப் போட்ட பெயரை ஏற்க மறுக்கின்றனவே, அதற்கு என்ன பதில்? சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவள் நான். சோதிக்காமல் வெளியே விட்டால் இப்படித்தான் ஆகும்.

பெயர்க் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எழுத்துகள் மட்டும்’ என்று டெவலப்பர் ஒரு விதி எழுதுகிறார். ஆங்கிலப் பெயருக்கு அது சரி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடின் கணக்கிலோ நம் மெய்யெழுத்தின் புள்ளியும், கால், கொம்பு மாதிரியான குறிகளும் எழுத்து என்ற வகையிலேயே வராது, அவை தனி வகை. அதனால் ‘கண்ணன்’ என்று அடித்தால் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று சிவப்பில் வந்து நிற்கும். அப்புறம் ‘கௌரி’. நிறையப் பேர் இதை கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு அடிக்கிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், வழக்கமான ஸ-வை வைத்தும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்தும் அடிக்கலாம். ஒரு ஆவணத்தில் ஒரு விதமும் இன்னொன்றில் மற்ற விதமும் பதிவாகியிருந்தால் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும், அந்த அம்மாவுக்குத் தன் பெயரில் என்ன தப்பு என்று கடைசி வரை புரியாது. குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியலோடு வாழும் நம்மிடம் ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று கேட்கும் படிவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரு தடவை சோதனையாக எழுதி வைத்துவிடலாம். கண்ணன், இரண்டு விதக் கௌரி, இரண்டு விதமான ஸ்ரீதேவி, புள்ளி வைத்த இனிஷியல் என்று ஒரு பட்டியல் போட்டு, பெயர் விதியை மட்டும் தனியே சோதிக்கும் சின்னச் சின்ன டெஸ்டுகள் எழுதினால் அவை சில நொடிகளில் ஓடி முடிந்துவிடும். விண்ணப்பம் தொடங்கி ரசீது வரை முழுப் பாதையையும் பிரவுசரைத் திறந்து சோதிக்க 2004-இலிருந்து செலினியம் என்ற கருவி இருக்கிறது, 2020-இலிருந்து பிளேரைட் என்ற கருவி இருக்கிறது, இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். டெவலப்பர் ஒரு வரியை மாற்றி ஏற்றும் ஒவ்வொரு முறையும் இவை தாமாக ஓட வேண்டும், ஒரு டெஸ்ட் தோற்றுச் சிவப்பானாலும் ரிலீஸ், அதாவது புது வடிவத்தை வெளியிடுவது, நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

எழுதுவதைவிடப் பராமரிப்பதுதான் கஷ்டம். பட்டன் வரும் வரை காத்திரு என்று எழுதாமல் ‘ஐந்து நொடி காத்திரு’ என்று எழுதினால், நெட் மெதுவான நாளில் டெஸ்ட் காரணமில்லாமல் விழும். நாலு தடவை அப்படி விழுந்தால் டீமில் யாரும் சிவப்பை மதிக்க மாட்டார்கள், பச்சை வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், நிஜமான பிழை அந்தச் சந்தடியில் வெளியே போய்விடும். டெஸ்டுக்காக வைத்த மாறாத ஓடிபி நிஜத் தளத்துக்குள் போய்விடாமல் பார்க்க வேண்டும். பொதுமக்களின் நிஜ ஆதார் எண்ணைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. இதற்கெல்லாம் ஆளும் நேரமும் வேண்டும், அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பணக்கார நாட்டிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். முழுத் தளத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்த நிறுவனத்தினர் அதே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள். அங்கே பணத்துக்குக் குறைவில்லை, சோதனையைத்தான் கடைசிக்குத் தள்ளினார்கள்.

அரசுத் தளங்களுக்கு டெண்டர் போடும்போது தளத்தை இயக்கும் நிரலான சோர்ஸ் கோடோடு, அதைச் சோதிக்கும் டெஸ்ட் கோடும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். ஒப்பந்தம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது புதிதாக வருபவர்கள் எதையும் உடைக்காமல் திருத்த அது ஒன்றுதான் துணை. தமிழில் உள்ளிடும் பெயர், முகவரி, இனிஷியல் ஆகியவற்றுக்கான சோதனைகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். டெஸ்ட் ஓடிய அறிக்கையைப் பார்த்த பிறகுதான் பில் பாஸ் ஆக வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தளம் முடங்கிய செய்தியை எழுதும் உங்கள் நிருபர், எத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள் என்று மட்டும் அதிகாரியிடம் கேட்காமல், கடைசி ரிலீஸுக்கு முன் டெஸ்ட் ஓடியதா, அந்த முடிவைக் காட்ட முடியுமா என்றும் கேட்கட்டும். பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்