பூனைக்குட்டிக்கு ‘உண்ணி மருந்து’ கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, பண்பொழி, புளியரைப் பக்கம் ஓட்டுச் சாய்ப்பிலும் விறகு அடுக்கிலும் பூனை போட்ட குட்டிகள் நனைந்து தெருவுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கையோடு தூக்கி வருகிறார்கள். இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டியிருக்கும், உடம்பெல்லாம் தெள்ளு ஊரும். குட்டி காய்ந்து, சுத்தமாக, வயிறு நிரம்பித் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கும், தொடவேண்டாம். நனைந்து, கண் ஒட்டி, கத்திக்கொண்டே இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்த பிறகு கால்நடை மருந்துக் கடையில் ஒரு சொல்லும், மெடிக்கல் ஸ்டோரில் ஒரு சொல்லும் தவறிப்போவதால் பிழைக்க வேண்டிய குட்டிகள் சாகின்றன, கண் போகின்றன. அதைத் தடுக்கலாம் என்பதால்தான் எழுதுகிறோம்.

முதல் சொல் ‘உண்ணி’. குட்டியின் மேல் ஓடுவது பெரும்பாலும் உண்ணி அல்ல, தெள்ளு. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவில் ‘செள்ளு’ என்பார்கள், தெள்ளும் செள்ளும் ஒன்றுதான். உண்ணிக்கு எட்டுக் கால், தோலில் கடித்தபடி ஒரே இடத்தில் தொங்கும். தெள்ளு 2, 3 மி.மீ. நீளம், பக்கவாட்டில் தட்டை, முடிக்குள் விறுவிறுவென்று ஓடும், குதிக்கும். சந்தேகமாக இருந்தால் முதுகிலும் வாலடியிலும் கிடக்கும் கறுப்புத் துகளைக் கொஞ்சம் எடுத்து நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அதைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் பரவும். அது தெள்ளு குடித்துக் கழித்த குட்டியின் ரத்தம். மண் துகள் என்றால் நிறம் பரவாது.

கடையில் போய் ‘உண்ணி மருந்து’ என்று கேட்டால் மாட்டுக்கும் நாய்க்கும் உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ், அல்லது நாயின் பிடரியில் விடும் பெர்மெத்ரின் சொட்டு. மாடும் நாயும் தாங்கும் பெர்மெத்ரினைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், எச்சில் வடியும், கை கால் நடுங்கும், பிறகு வலிப்பு. ‘பூனைக்குக் கொஞ்சமாகத் தடவினால் ஒன்றும் ஆகாது’ என்பதை நம்பவேண்டாம். தெரியாமல் தடவிவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் கொண்டு உடனே கழுவி, துவட்டி, மருந்தின் அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. தோலில் போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

பிறகு தெள்ளை எப்படி எடுப்பது? பேன் சீப்புதான் முதல் மருந்து. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்தில் தொடங்கி வால் வரை வாரி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை அதில் முக்க வேண்டும். காலை, மாலை இரு வேளை. குளிப்பாட்டுவது இரண்டாவதுதான், அதுவும் குட்டி சூடாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தால் மட்டும். முழங்கை வைத்துப் பார்த்து இதமான சூட்டில் தண்ணீர் எடுங்கள். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகக் குழந்தை ஷாம்பு நுரையைப் போடவேண்டும். இதை விட்டுவிட்டு உடம்பை நனைத்தால் தெள்ளு அத்தனையும் தலைக்கு ஏறி, ஏற்கெனவே புண்ணான கண்ணிலும் காதிலும் மொய்க்கும். முகத்தில் நுரை படக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து, சீப்பால் எடுத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, இரண்டு துண்டால் ஒற்றி, அடிமயிர் வரை காயவைக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. சாரல் நாளில் குளிப்பாட்டி ஈரத்தோடு விட்டால் தெள்ளுக்குத் தப்பியது குளிருக்குப் போய்விடும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தைக் குடித்துக் குட்டிக்குச் சோகை பிடித்துவிட்டது. அந்தக் குட்டியைக் குளிப்பாட்டக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனைக்குரிய தெள்ளு மருந்துகள் இருக்கின்றன. ஃபிப்ரோனில், செலமெக்டின், நைட்டன்பைராம் என்று ஒவ்வொன்றுக்கும் வயதுக் கணக்கும் எடைக் கணக்கும் வேறு. அதனால் குட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். எடை தெரியாமல் மருத்துவரால் சரியான அளவு சொல்ல முடியாது.

சூடுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. வந்தவுடன் பால் ஊற்றுகிறார்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, புரையேறி நுரையீரலுக்குப் போகும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் வேண்டும். உடம்பு சூடேறிய பிறகே உணவு. பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. பால்குடிக் குட்டிக்கு 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 மி.லி., ஒரு தடவைக்கு 4 மி.லி.க்கு மேல் போகாமல், பகலும் இரவுமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்திக் கொடுக்கக் கூடாது. வயிறு கீழே படும்படி, தாயிடம் குடிப்பது போலவே பிடிக்க வேண்டும்.

இப்போது கண். இங்கே தவறிப்போகும் சொல் ‘ஏதாவது கண் சொட்டு மருந்து கொடுங்க’. மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பெயரின் வாலில் ‘டி’ அல்லது ‘டெக்ஸ்’ ஒட்டியிருந்தால் உஷாராகுங்கள். டப்பாவில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் பார்க்காமல் போடவே கூடாது. குட்டிகளுக்குக் கண் ஒட்டுவதற்கு அடிக்கடி காரணமாவது பூனை ஹெர்பிஸ் வைரஸ், அதோடு கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிகள். ஹெர்பிஸ் கருவிழியில் புண் போடும். அந்தப் புண்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் இரண்டு நாள் சிவப்பு குறைந்து, ‘ஆகா, குணமாகிறது’ என்று தோன்றும். உள்ளே ஆறும் தன்மையும் எதிர்ப்புச் சக்தியும் அடங்கிப்போய்ப் புண் ஆழமாகி, கண்ணே ஓட்டையாகிவிடும்.

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவையும் வேண்டாம். கைவைத்தியத்தின் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் புண்ணுள்ள கண்ணில் விடும் எதுவும் கிருமி நீங்கியதாக இருக்கவேண்டும்.

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியது சுத்தம் செய்வது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அல்லது மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புநீர். குட்டியைத் துண்டில் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நனைத்த மெல்லிய துணியை ஒட்டிய கண்மேல் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்தால் காய்ந்த பீளை ஊறி இளகும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தத் துணியை மறுபடி தொடக்கூடாது. அடுத்த கண்ணுக்கு வேறு துணி. இளகாவிட்டால் இன்னொரு முறை ஊறவையுங்கள். காய்ந்ததை நகத்தால் பிய்த்தால் இமையோரத் தோல் உரிந்து, அந்த இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யவேண்டும். துடைத்து அரை மணி நேரத்தில் மறுபடி பீளை சேரும், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

மருத்துவர் களிம்பு கொடுத்தால் தலைக்குப் பின்பக்கமிருந்து கையைக் கொண்டுபோய்க் கீழிமையை இழுத்து, ஒரு அரிசி நீளத்துக்கு உள்ளே வைக்கவேண்டும். டியூபின் முனை கண்ணில் படக்கூடாது. சொட்டும் களிம்பும் இரண்டும் இருந்தால் சொட்டு முதலில், பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. கண் தெளிந்ததும் நிறுத்திவிடுவது பெரிய தப்பு. கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லியை மூன்று நான்கு வாரம்கூடக் கொடுக்கவேண்டி வரும். மாத்திரையாகக் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், தொண்டைக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாக்கும்.

இரண்டு நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, கருவிழி நீலம் பாரித்தோ பால் படிந்தோ தெரிவது. மற்றது, இன்னும் கண் திறக்காத, பத்து நாளுக்கு உட்பட்ட குட்டியின் மூடிய இமை உப்பிக்கொண்டு நிற்பது. இமைக்குள் சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம், மருத்துவர் திறந்து வெளியேற்றினால்தான் கண் தங்கும். மூக்கும் அடைத்துக்கொண்டால் குட்டி சாப்பிடாது, பூனைக்கு வாசனை தெரிந்தால்தான் பசிக்கும். மூக்கையும் இதே போல் துடைத்து, உணவைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுங்கள். சளிக்கு என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு துண்டு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக்குட்டியைக் குறைந்தது 14 நாள் தனி அறையில் வையுங்கள். நல்ல பூனையை முதலில் கவனித்துவிட்டு நோய்க்குட்டியிடம் கடைசியாகப் போங்கள். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தால் பாதத்தில் ஒட்டியதைக் குட்டி நக்கும், அதுவும் விஷம். தெள்ளு முட்டை நாளைக்கு 40, 50 என்று உதிர்ந்து தரையில்தான் கிடக்கிறது. சாக்கு போட்டால் அதற்குள் புழுவாகிக் கூடு கட்டும், இந்தச் சாரல் ஈரம் அதற்கு நல்ல தோது. அதனால் சாக்குக்குப் பதில் பழைய வேட்டித் துணி விரித்து, தினமும் வெந்நீரில் அலசுங்கள். வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டிச் சூடு வெயிலின் வேலையைச் செய்யும். தெள்ளை விழுங்கிய குட்டிக்கு நாடாப்புழு வரும். வாலடியில் அரிசி போல் ஒட்டியிருந்தால் அதுதான், குடற்புழு மருந்தை எடைக்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

குட்டிதானே என்று அலட்சியமும் வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

கால்நடைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று காட்டுவது ஃப்ளோரசீன் என்ற சாயம் தடவிய ஒரு சின்னக் காகிதப் பட்டை. நனைத்துத் தொட்டால் புண்ணுள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும், அதைப் பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டு என்று முடிவு செய்யமுடியும். திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். 300 கிராம் குட்டியைச் சாரலில் பஸ்ஸில் அவ்வளவு தூரம் கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை. தென்காசியிலிருந்து புளியரை வரையுள்ள கால்நடை மருந்தகங்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டை ஒரு டப்பா இருக்கும்படி ஏற்பாடு செய்யவேண்டும்.

இப்படிக்கு,
தெருப் பிராணிகளைப் பராமரிக்கும் வாசகர்கள்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.