ஐந்து ரூபாய் ஐசிக்காக ஒரு மடல்

தமிழ்நாடு அரசின் தொழில்துறை அமைச்சர், துறைச் செயலர், சிப்காட் அதிகாரிகள் ஆகியோருக்கு, வேலூரிலிருந்து ஒரு போர்டு மெக்கானிக் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

நீங்கள் அறிக்கைகளில் குறைக்கடத்தி, சில்லு என்று எழுதுவதை எங்கள் கடையில் ஐசி என்போம். யுபிஎஸ், இன்வெர்ட்டர், லிஃப்ட் கண்ட்ரோலர், காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசியூ, தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் மோட்டார் டிரைவ் என்று இந்த வட்டாரத்தில் எது எரிந்தாலும் கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030 என்று 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் அதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 2 நானோமீட்டர், 3 நானோமீட்டர், ஏஐ என்றுதான் காதில் விழுகிறது. நானோமீட்டர் எண் சின்னதானால் சில்லு புதுரகம் என்று அர்த்தம். என் மேசைக்கு வரும் பழைய ரக ஐசியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

2021 ஆகஸ்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பு. தோல் பதனிடும் டிரம்மைச் சுழற்றும் மோட்டாரை இயக்கும் டிரைவ் நின்றுவிட்டது. டிரம்முக்குள் உப்புத் தோல் ஊறிக்கொண்டிருக்கிறது. டிரம் சுற்றாமல் நின்றால் நம்ம ஊர் வெயிலுக்குத் தோல் அழுக ஆரம்பித்துவிடும், அப்புறம் அது எந்த ஷூவுக்கும் ஆகாது. போர்டைத் திறந்து பார்த்தால் போயிருப்பது ஒரே ஒரு ஆப்டோகப்ளர், வெளிச்சத்தின் மூலம் சிக்னலைக் கடத்தும் ஐசி. புளியங்கொட்டை அளவு இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போன் போட்டேன். "ஸ்டாக் இல்லண்ணே, ஆர்டர் போட்டா பதினாறு வாரம்" என்றார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒருவரிடம் இருந்தது, விலை பத்து மடங்கு. ஆளை அனுப்பி வாங்கி வந்து, பழக்கதோஷத்தில் அசிட்டோன் பஞ்சால் மேலே துடைத்துப் பார்த்தேன். எழுத்து கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறொரு நம்பர். பழைய போர்டிலிருந்து கழற்றி, தேய்த்து, புது எழுத்துப் போட்ட ரீமார்க் சரக்கு.

கடைசியில் பரண்மேல் கிடந்த செத்த யுபிஎஸ் ஒன்றிலிருந்து அதே ஆப்டோகப்ளரைக் கழற்றிப் போட்டு டிரம்மை ஓட்டினோம். அதற்குள் பாதித் தோல் வீணாகியிருந்தது. முதலாளி என்னிடம் கோபப்படவில்லை. "இத்தனூண்டு சாமானா?" என்று கையில் வைத்து உருட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த வருடம் உலகம் முழுக்க இதே கதை என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. 2020 ஊரடங்கில் கார் கம்பெனிகள் பயந்துபோய் ஆர்டரை வெட்டின. வீட்டில் அடைந்து கிடந்த உலகம் லேப்டாப்பும் டிவியுமாக வாங்கித் தள்ளியது. கார்க்காரர்கள் திரும்பி வந்தபோது ஆலைகளில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்து ஆஸ்டின் நகர ஆலைகளுக்கு மின்சாரம் போனது. மார்ச் 19ஆம் தேதி ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலையில் தீ. தைவானில் 56 வருடத்தில் காணாத வறட்சி. ஆகஸ்டில் மலேசியாவில் மூவார் என்ற ஊரில் எஸ்டி மைக்ரோ கம்பெனியின், சில்லைக் கூட்டுக்குள் அடைக்கும் பேக்கிங் ஆலை கொரோனாவால் மூடல். செப்டம்பரில் மாருதி வழக்கமான உற்பத்தியில் 40 விழுக்காடுதான் முடியும் என்று கைவிரித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கார் ஆலைகளை நிறுத்தியது 3 நானோமீட்டர் சில்லு இல்லை. 40, 90, 180 நானோமீட்டரில் செய்த பழைய மைக்ரோகண்ட்ரோலரும், பவர் ஐசியும், டிரைவர் ஐசியும்தான். ஆரணிப் பட்டு கல்யாணத்துக்கு வேண்டும், மறுக்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போக இடுப்பில் இருப்பது குடியாத்தம் லுங்கி. உலகத்தின் உச்சரகச் சில்லுகளில் சுமார் 90 விழுக்காடு தைவானில் ஆகிறது, அதைச் செய்யத் தேவையான ஈயூவி மெஷினை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது, அதைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்கா நெருக்குகிறது. இந்தப் பட்டுச் சண்டையைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோம். லுங்கிக்கும் சண்டை வரும் என்பதை 2025 காட்டிவிட்டது.

நெக்ஸ்பீரியா என்ற பெயர் உங்களுக்குச் செய்தியில் வந்திருக்கும். எனக்கு டப்பா டப்பாவாகப் பழக்கம். டயோடு, டிரான்சிஸ்டர், சின்ன மாஸ்ஃபெட், லாஜிக் ஐசி என்று அதன் சரக்கு இல்லாத போர்டைப் பார்ப்பது அரிது. வருடத்துக்கு 10,000 கோடி பீஸுக்கு மேல் செய்கிறார்கள், பலதும் ஐந்து ரூபாய்கூடப் பெறாது. தலைமையகம் நெதர்லாந்தில், முதலாளி சீனாவின் விங்டெக். அமெரிக்கா விங்டெக்கைத் தடைப்பட்டியலில் வைத்திருந்தது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி நெதர்லாந்து அரசு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அந்தக் கம்பெனியின் முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அக்டோபர் 4ஆம் தேதி சீனா பதிலடி கொடுத்தது, தன் மண்ணிலிருந்து நெக்ஸ்பீரியா சரக்கு வெளியே போகக்கூடாது என்று.

இங்கேதான் விஷயம். வேஃபரை, அதாவது சில்லுகள் பதித்த சிலிக்கான் தட்டை, செய்வது ஜெர்மனியின் ஹாம்பர்க் போன்ற இடங்களில். அதை வெட்டி, கால் வைத்து, கறுப்புக் கூட்டுக்குள் அடைக்கும் வேலையில் சுமார் 70 விழுக்காடு நடந்தது சீனாவில், பெரும்பாலும் டோங்குவான் நகரில். ஐரோப்பாவில் செய்த சில்லு ஐரோப்பியக் கார் ஆலைக்குப் போக சீனாவைச் சுற்றித்தான் வரவேண்டும். ஒரு மாதத்துக்குள் மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது. ஃபோக்ஸ்வேகன் எச்சரிக்கை விட்டது. நவம்பர் 19ஆம் தேதி நெதர்லாந்து அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தேர் எவ்வளவு பெரிதானாலும் அச்சாணி யார் கையில் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது நமக்கு எதற்கு? ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது தமிழ்நாடு அரசுதான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் எல்லாம் பக்கத்தில். இத்தனை ஆலைக்கும் வரும் டயோடும் டிரான்சிஸ்டரும் இன்றைக்கும் எந்தக் கடலைத் தாண்டி வருகின்றன என்று துறையில் யாராவது கணக்கு எடுத்திருக்கிறீர்களா?

வடாற்காட்டுக்காரனுக்கு இந்த விளையாட்டு புதுசு இல்லை. ஒரு காலத்தில் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய அரைகுறைத் தோல் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போகும். அங்கே மெருகேற்றி, ஷூ தைத்து, லாபத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். 1970களில் டில்லி கச்சாத் தோலுக்கும் அரைத் தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. அப்போது இங்கே எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். ஆனால் அதற்குப் பின்தான் ஆம்பூரில் ஷூ ஆலைகள் பெருகின. முழுதாய் முடித்துக் கொடுக்கிற இடத்தில்தான் காசு நிற்கும். சில்லில் அந்த முடிக்கும் வேலைக்குப் பெயர் பேக்கிங், டெஸ்டிங்.

அதைக் கேவலமாக நினைப்பவர்கள் பினாங்கைப் பார்க்கலாம். எங்கள் வடாற்காட்டு ஜனங்கள் ரப்பர் தோட்டத்துக்கு என்று கப்பல் ஏறிய அதே மலேசியா. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே போட்டது, வெறும் பேக்கிங் ஆலையாக. இன்றைக்கு உலகத்தின் பேக்கிங், டெஸ்டிங் வேலையில் எட்டில் ஒரு பங்கு மலேசியாவில். தைவானிலும் அங்கத்திய பெரிய சில்லு கம்பெனியான டிஎஸ்எம்சி 1987இல் வருவதற்கு இருபது வருடம் முன்பே பேக்கிங் ஆலைகள் வந்துவிட்டன.

மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியபின் குஜராத்தின் தொலேராவில் டாடா ஆலை, சானந்தில் மைக்ரான், அசாமில் ஜாகிரோடு என்று ஒப்புதல் வந்தது. தொலேராவில் 28 நானோமீட்டரும் அதற்கு மேலும்தான் என்பது என் கணக்கில் நல்ல புத்தி. நமக்குப் பெரிய ஃபேப், அதாவது வேஃபரில் சில்லையே செய்யும் ஆலை, வரவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அதற்குக் காரணம் தண்ணீர்.

கோட்டை இருக்கிறது ராஜா இல்லை, ஆறு இருக்கிறது தண்ணீர் இல்லை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். 2019 ஜூலையில் சென்னைக்குத் தாகம் என்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது ஞாபகம் இருக்கும். 50 வேகன், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதே 2019இல் டிஎஸ்எம்சி தைவான் ஆலைகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியிருந்த தண்ணீர் 1,56,000 டன். வகுத்துப் பார்த்தேன், தினம் 62 ரயில். பயன்படுத்திய நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அது பெரிய சாதனைதான். ஆனாலும் 2021 வறட்சியில் சில்லு ஆலைக்கு டேங்கர் போனது, நெல் வயலுக்கு மதகு மூடியது. பேக்கிங் ஆலைக்கும் வெட்டும்போது, கழுவும்போது தண்ணீர் வேண்டும். ஃபேப் அளவுக்குக் குடிக்காது.

குடிப்பதைவிடத் துப்புவது முக்கியம். தோலில் காசு பார்த்த நாங்கள் பாலாற்றை என்ன செய்தோம் என்பது ஊரறிந்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது எங்கள் வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில்தான். இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் எங்கள் ஊர் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். பெருமைப்படுவதா, தலை குனிவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடந்த குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததும் உங்கள் கோப்பில் இருக்கும். ஆகவே எந்தக் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டாலும், எவ்வளவு தண்ணீர் எடுக்கும், எங்கிருந்து எடுக்கும், எதை எங்கே விடும் என்ற மூன்று வரியை முதலில் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். முதலீட்டுத் தொகை பின்னால் வரட்டும்.

சரி, என்ன கேட்கிறேன் என்றால், அந்த 500 கோடியில் முதல் இடத்தை டயோடு, மாஸ்ஃபெட், ரெகுலேட்டர், ஆப்டோகப்ளர் மாதிரிச் சாதாரணச் சரக்கின் பேக்கிங்குக்கும் டெஸ்டிங்குக்கும் கொடுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் இடமும் ரயிலும் ரோடும் இருக்கின்றன. ஷூ ஆலைகளில் நுணுக்க வேலை பழகிய பெண்கள் ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை இருக்கிறார்கள். மெஷின் வேலை வேறு, கற்றுக்கொடுத்தால் வரும்.

இன்னொன்று, என் மாதிரி ஆட்களுக்கானது. சின்ன டிரான்சிஸ்டர் என்றால் ஒரு ரீலுக்கு 3,000 பீஸ். எனக்கு வேண்டியது ஐம்பது. பஞ்சம் வந்தால் ரீல் வாங்குகிறவனுக்கே முதல் மரியாதை, ஐம்பது கேட்கிறவன் ரீமார்க் சரக்கில் போய் விழுகிறான். சிட்கோ ஒரு காலத்தில் சிறுதொழிலுக்கு இரும்பும் மெழுகும் டிப்போ வைத்துக் கொடுத்ததே, அதே மாதிரி அடிக்கடி தேவைப்படும் ஐசிகளுக்கு ஒரு டிப்போ, டெஸ்ட் செய்த சரக்காக, சில்லறையில். எந்தெந்த நம்பர் என்று கேட்டால் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு வாரத்தில் பட்டியல் கொடுத்துவிடுவோம். கன்சல்டன்ட் தேவையில்லை.

இந்தப் பக்கம் வந்தால் மேல்விஷாரத்துக்குக் கூட்டிப்போகிறேன். அந்த டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. செத்த யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய ஆப்டோகப்ளர்தான் இன்றுவரை அதற்குள். புதுசு மாற்றிவிடலாம் என்று முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "ஒரிஜினல் கிடைச்சா பாக்கலாம்" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு போர்டு மெக்கானிக்,
வேலூர்.