ஒருமுறை கேட்டால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லை மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது பற்றிய செய்தி கண்டேன். சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. துன்புறுத்தப்பட்ட பிள்ளை வகுப்பாசிரியரிடம் வாய் திறக்கிறது. அடுத்துத் தலைமையாசிரியர் கேட்கிறார். வீட்டாரைக் கூட்டிவைத்து மறுபடியும் கேட்கிறார்கள். நான்காம் முறை 'ஒண்ணுமில்ல டீச்சர்' என்றுவிடும். அது பொய்யன்று, பயம். 'அவன்தானே அடித்தான்?' என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்தால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் அதுவே ஓட்டையாகும். பிள்ளை சொன்ன வார்த்தைகளை, நம் வட்டாரப் பேச்சைத் திருத்தாமல், தேதி, நேரத்தோடு அன்றே எழுதிவைத்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தெரிவிக்க வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பாலியல் குற்றமானால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மறைப்பதே குற்றம்.

வாய் திறக்காத பிள்ளைகளும் உண்டு. அடிபட்ட பயத்தில், ஸ்கேல் மேசையில் பட்ட சத்தத்துக்கே உறைந்துபோகிற பிள்ளையைத் 'திமிர்' என்று வெளியே நிறுத்துவதை இப்பகுதிப் பள்ளிகளில் இன்றும் காணலாம். கதவு தெரியும்படி உட்கார இடம் கொடுத்தாலே பதற்றம் ஓரளவு தணியலாம். பயிற்சியில் அரை நாளை இத்தகைய சூழல்களை நடித்துப் பார்க்கும் ஒத்திகைக்கு ஒதுக்கலாம்.

- வாசகர், அம்பாசமுத்திரம்