ஐஸ் ஹவுஸில் வாழ்ந்த சகோதரிக்கும் ஓர் அறை வேண்டும்

சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தைப் பேணிவரும் பொறுப்பாளர்களுக்கும், அதற்குத் துணைநிற்கும் அரசு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடமே அது என்பதையும், பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானபோது, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார் என்பதையும் தாங்கள் நன்கறிவீர்கள். ஆனால் அதே கூரையின்கீழ் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளோடு வாழ்ந்து அவர்களைப் படிக்கவைத்த காலத்தை, இக்கட்டடத்தின் கதையைச் சொல்பவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுவதைத் தொடர்ந்து பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்களில் பலர், திருமணம் என்றால் என்னவென்று அறியும் முன்பே தாலியை இழந்தவர்கள். தலையை மழித்து, நல்ல காரியத்துக்குப் புறப்படுவோர் எதிரே வரக்கூடாது என்று சமையலறை இருட்டில் ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு உட்கார இந்த நகரத்தில் இடம் கிடைத்ததே பெரும்பாடு. சிறுமியாக இருந்தபோதே கணவரை இழந்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்பலட்சுமி, மறுஆண்டே நான்கு பெண்களுடன் தொடங்கிய விடுதிதான் பின்னர் ஐஸ் ஹவுஸில் வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாகி மற்றப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். அவ்விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முழு வரலாற்றைத்தான் கேட்கிறேன்.

ஆகவே, இல்லத்தில் ஓர் அறையைச் சகோதரி சுப்பலட்சுமிக்கும் அவருடைய மாணவியருக்கும் நிலையாக ஒதுக்குங்கள். 1963-இல் சூட்டிய விவேகானந்தர் இல்லம் என்ற பெயரை மாற்றச் சொல்லவில்லை. பெண்கல்வியை வலியுறுத்திய சுவாமிஜியின் பெயருக்கு இதனால் எந்தக் குறையும் வராது. ஒன்பது நாள் தங்கியவரை நினைக்க ஒரு கட்டடமே இருக்கும்போது, ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்தவருக்கு ஓர் அறை கேட்பது மிகையாகுமா? பெண்களுக்குப் பள்ளி கண்டவர்களின் நினைவை அந்தந்தப் பள்ளிச் சுவருக்குள்ளேயே விட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. அது என்னைக் கோபப்படுத்துகிறது.

சொற்களில் கடுமை இருந்தால் பொறுத்தருளுங்கள். சுப்பலட்சுமி முதல் தலைமையாசிரியையாக இருந்த லேடி வெலிங்டன் கல்லூரி அதே சாலையில்தான் இருக்கிறது. பழைய பதிவேடுகளையும் படங்களையும் திரட்ட அங்கிருந்தே தொடங்கலாம். அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 18 அன்று அந்த அறையைத் திறந்துவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.